ஞாயித்துக்கிழம எங்க போறீய?

எனக்கு வந்தது மஞ்சக்காமாலைன்னு ஊருல பாதிப்பேரு நம்பிக்கிட்டு இருக்காவ. மிச்சப் பாதிப்பேரு என்கூட உக்காந்து குடிச்சவுக, அவுகளுக்கு விசயம் தெரியும். ரெண்டு கூட்டமும் எங்க பாத்தாலும் "இப்பம் ஒடம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி"ன்னு கேக்காவ. ஆளாளுக்குத் தனித்தனியா சொல்லி வாய் வலிக்கி. அதான் ஒரேயடியா எழுதிப் போட்டுருதேன். இத வாசிக்கவங்கள்ல யாருக்காவது காலையில எந்திரிச்சதும் கை நடுங்குச்சுன்னா, கொஞ்சம் கவனமா வாசிங்க. மத்தவங்க சும்மா சிரிச்சுட்டுப் போகலாம்.

நான் சங்கரலிங்கம். சங்கரன்கோவில்ல இது ஒரு பேரே இல்ல. பஸ் ஸ்டாண்டுல நின்னு சங்கரலிங்கம்னு கூப்பிட்டா டிரைவர், கண்டக்டர் உள்பட நாலு பேரு திரும்புவாவ. அதனால என்னை அண்டாக்கடைன்னு சொன்னாத்தான் தெரியும். விசேச வீடுகளுக்கு அண்டா, குண்டா, பந்திப்பாய் வாடகைக்கு விடுத கடை. கடை வாசல்ல நின்னா கோபுரம் நேரா தெரியும்.

கல்யாணத்துக்கு மொத நாளே அண்டா போயிரும். கூடவே நானும் போவேன். சமையக்காரங்க, பந்தல்காரங்க, மைக் செட்டுக்காரங்க எல்லாரும் அடுப்பங்கரைக்குப் பின்னால வட்டமா உக்காருவோம். நான் பேச ஆரம்பிச்சா வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பாவ. சிரிக்கச் சிரிக்க எனக்கு ஊத்துவாவ. மறுநாள் எல்லாம் முடிஞ்சு திரும்பும்போது அண்டா நேரா வரும். நான்தான் உருண்டு வருவேன்.

அப்படி ஒரு கல்யாண வீட்டுல, பந்தி எல்லாம் முடிஞ்சு கரண்டிய எண்ணிக்கிட்டு இருந்தேன். தொண்டையில என்னமோ வெதுவெதுன்னு ஏறுச்சு. கொல்லைப்பக்கம் போயி வாந்தி எடுத்தேன். செவப்பா வந்துச்சு. சமையக்காரரு எட்டிப் பாத்துட்டு, "நான் இன்னைக்கு பீட்ரூட்டே போடலையேவே"ன்னாரு. வெத்தல எச்சிலா இருக்கும்னு நான் நெனச்சேன். வெத்தல போட்டு ரெண்டு நாளு ஆச்சுன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது தடவ எடுத்தப்போ காலு தாங்கல.

கார் தேட நேரம் இல்ல. பாத்திரம் ஏத்துத வேன்லயே என்னையும் ஏத்துனாவ. சங்கரன்கோவில்ல இருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துலயும் அண்டா ஒண்ணு உருண்டு வந்து காலத் தட்டுது. என் வீட்டுக்காரி கோமதி ஒரு கையால என் தலையப் பிடிச்சிருக்கா, இன்னொரு கையால அண்டாவப் பிடிச்சிருக்கா. அழுவல. "கண்ண மூடாதீங்க, கண்ண மூடாதீங்க"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே வந்தா. நான் மூடல. மூடுனா அண்டா எங்கிட்டு இருந்து வருதுன்னு தெரியாதுல்லா.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில டாக்டரம்மா ஒருத்தி. சின்ன வயசு, பெரிய கண்ணாடி. என் கண்ண இழுத்துப் பாத்தா, வயித்தத் தட்டிப் பாத்தா, ரத்தம் ஏத்தச் சொன்னா. ரெண்டு நாளு கழிச்சு எக்ஸ்ரே. அதுக்கு ஒரு பெஞ்சுல காலையில இருந்து உக்கார வச்சுட்டாவ. அந்த பெஞ்சுல உக்காந்தா யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கதில்ல, எல்லாரும் கதவையே பாக்காவ. உள்ள கூப்பிட்டு, சுண்ணாம்பக் கரைச்ச மாதிரி வெள்ளையா ஒரு டம்ளர் குடுத்தாவ. குடிக்கும்போது அது எப்படி எறங்குதுன்னு படம் எடுப்பாவளாம். கெட்டியா, மொழுமொழுன்னு, வாயில ஒட்டுது. என் ஆயுசுல மொத தடவையா ஒரு டம்ளரப் பாத்து வேண்டாம்னு சொன்னது அன்னைக்குத்தான். வெளிய வந்து இத கோமதிகிட்ட சொன்னேன். அவ சிரிக்கல.

படத்த வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு டாக்டரம்மா சொன்னா: "உங்க ஈரல் ஒரு வடிகட்டி மாதிரி. குடிச்சு குடிச்சு அது தழும்பு ஏறி இறுகிப் போச்சு. இதுக்கு சிர்ரோசிஸ்னு பேரு. ரத்தம் அது வழியா போக முடியாம வேற வழி தேடுது. சாப்பாடு எறங்குற குழாயில உள்ள சின்னச் சின்ன ரத்தநாளத்துல போய் முட்டி, அது புடைச்சுப் போயிருக்கு. அதுல ஒண்ணு வெடிச்சுதான் நீங்க ரத்தம் எடுத்தது."

"எங்க கடையிலயும் வடிகட்டி அடைக்கும் டாக்டரம்மா. வெந்நி ஊத்திக் கழுவுனா சரியாப் போயிரும்."

"இதக் கழுவ முடியாது. இதுக்கு மேல அடைக்காம பாத்துக்கலாம், அவ்வளவுதான். நிறுத்திட்டீங்கன்னா மிச்சம் இருக்குற ஈரல் உங்கள நல்லா நடத்தும். திரும்பக் குடிச்சீங்கன்னா, அடுத்த தடவ வெடிக்கும்போது வேன்ல ஏத்திக் கொண்டுவர நேரம் இருக்காது."

படத்த வாங்கி கோமதி கையில குடுத்தேன். அப்ப எனக்கு வயசு நாப்பத்தெட்டு.

குடிய நிறுத்துனா ஒடம்பு சும்மா இருக்காது. வருசக்கணக்கா குடுத்துக்கிட்டு இருந்தத திடீர்னு நிறுத்துனா அது கலாட்டா பண்ணும். கை நடுங்கும், வேர்த்து ஊத்தும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். சில பேருக்குப் பாம்பு தெரியுமாம். எனக்கு அண்டா தெரிஞ்சுச்சு. வார்டுல வரிசையா நடந்து வருது, ஒண்ணு மேலயும் என் கடை முத்திரை இல்ல. "ஏட்டி, எவனோ நம்ம அண்டாவ மாத்திட்டாம்ட்டி"ன்னு கத்துனேனாம். ரெண்டு ஆளு பிடிச்சு அமுக்கி ஊசி போட்டாவளாம். தெளிஞ்சு முழிச்சுப் பாத்தா, பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு.

"அண்டா கெடச்சுட்டா அண்ணாச்சி?"ன்னாரு.

அவருதான் மாடசாமி. எழுதிக்கோரும்னு அவரே சொன்னப்புறந்தான் அவரப் பத்தி எழுதுதேன். ராயகிரிக்காரரு, குளத்துப் பாசனத்துல வயல் வச்சிருக்கவரு. எனக்கு ரெண்டு வயசு சின்னவரு. வயிறு என்னைய மாதிரியே பானையா இருக்கு, கண்ணு என்னைய மாதிரியே மஞ்சளா இருக்கு.

"உமக்கு என்னவே?"ன்னு கேட்டேன்.

"மஞ்சக்காமாலை"ன்னாரு. போர்வைய இழுத்து வயித்த மூடிக்கிட்டு, "ஊருல அப்படித்தான் சொல்லியிருக்கு. மக ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கா"ன்னாரு.

"சரி. எனக்கும் அதே பிராந்திக்கடை காமாலைதான்"ன்னேன். அவரு சிரிச்சாரு. சிரிச்சா வயிறு வலிக்கும், ரெண்டு பேருக்கும் வலிச்சுச்சு.

வயித்துல தண்ணி கோத்திருந்ததால எங்களுக்கு உப்பு ஆகாதுன்னுட்டாவ. உப்பில்லாத கஞ்சி. மூணு நேரமும் அதான். மாடசாமி முகத்தச் சுழிச்சுக்கிட்டே குடிப்பாரு. நான் கஞ்சியத் திட்டிக்கிட்டே குடிப்பேன். "உப்பு போட்டு நீ மட்டும் நல்லாத் தின்னு"ன்னு கோமதியையும் சேத்துத் திட்டுவேன். ஒரு நாளு அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, ருசிக்காக அவ கிண்ணத்துல இருந்து ஒரு வாய் எடுத்தேன். அவ கஞ்சியிலயும் உப்பு இல்ல. ஆஸ்பத்திரில சேந்த நாள்ல இருந்தே அப்படித்தான் தின்னிருக்கா. என்கிட்ட சொல்லல. கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தேன். அவ, "உங்க கிண்ணத்துலயே தின்னுங்க"ன்னு மட்டும் சொன்னா. பில்லுக்கு ரெண்டு பித்தள அண்டாவ வித்ததும் அவதான். அதையும் கடைக்குத் திரும்பி வந்தப்புறம் எடம் காலியா இருக்கதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் சேத்து நிக்க வச்சு சொன்னா. திருநெல்வேலில ஒரு பள்ளிக்கூடத்துல ஞாயித்துக்கிழம சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்குதாம். குடிச்சு நிறுத்துனவங்க மட்டும் வருவாங்களாம். உக்காந்து பேசுவாங்களாம். "மருந்து ஈரலுக்கு நான் குடுத்துட்டேன். மிச்சத்துக்கு அங்க போங்க."

"பேசுனா நின்னுருமா?"ன்னு மாடசாமி கேட்டாரு.

"பேசாம இருந்து நின்னுச்சா?"ன்னா.

அடுத்த ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டையோட போனோம். பள்ளிக்கூடத்தக் கண்டுபிடிச்சுட்டோம், எந்த ரூம்னு தெரியல. யாருகிட்ட கேக்க? என்னன்னு கேக்க? குடிகாரங்க ரூம் எதுன்னா? வாசல்ல வெத்தலபாக்குக் கடைக்காரர்கிட்ட பையச் சொன்னேன், "இங்க ஒரு கூட்டம்..." அவரு, "எந்தக் கட்சி?"ன்னாரு.

ஒரு ரூம்ல இருபது பேரு பெஞ்சுல உக்காந்திருந்தாவ. நாங்களும் கடைசி பெஞ்சுல உக்காந்தோம். ஒருத்தரு எந்திரிச்சு, "எத்தனையோ வருசமா கஷ்டப்படுதோம். வீட்டுல மதிப்பில்ல. யாரும் நம்ம கஷ்டத்தக் கேக்கதில்ல"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. மாடசாமி என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. அடுத்தவரு எந்திரிச்சு, "நம்ம ஒத்துமையா இருந்தாத்தான் இதுல இருந்து மீள முடியும்"ன்னாரு. நான் கைதட்டுனேன். மூணாவது ஆளு பஞ்சப்படிய உயத்தச் சொல்லி எப்ப மனு குடுக்கன்னு கேட்டப்பத்தான் வெளங்குச்சு, அது வாத்தியாருங்க சங்கம். நம்ம கூட்டம் அடுத்த ரூம்.

அந்த ரூம்ல பத்துப் பன்னெண்டு பேரு. ஒரு ரிட்டையர்டு ரயில்வேக்காரரு, ஒரு தையல்காரரு, சைக்கிள் கடை வச்சிருக்க ஒருத்தரு. சட்டம் மூணே மூணு. உன் கதைய மட்டும் சொல்லணும், அடுத்தவன் கதையச் சொல்லக்கூடாது. இங்க யாரப் பாத்தோம், என்ன கேட்டோம்ங்கது வெளிய போகக்கூடாது. பேரு மட்டும் போதும், ஊரு, தெரு கேக்கக்கூடாது. நம்ம ஜில்லாக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை. பஸ்ல பக்கத்துல உக்காந்தாலே எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மகன்னு மூணு கேள்வி கேட்டாத்தான் நமக்கு மூச்சு விட முடியும்.

என் முறை வந்துச்சு. நானும் அண்டா கதை, பீட்ரூட் கதை எல்லாம் அடிச்சு விட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாவ. முடிச்சதும் ரயில்வேக்காரரு கண்ணத் தொடச்சுக்கிட்டு, "நல்லா இருந்துச்சு. இதே கதைய சிரிக்காம ஒரு நாளு சொல்லும்"ன்னாரு. அது எனக்கு இன்னும் முழுசா வரல. முயற்சி பண்ணுதேன். நீங்களே பாக்கீயல்லா.

ஆனா குடி நின்னுச்சு. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வாரம் பூரா வேணும்னு தோணும்போது, ஞாயித்துக்கிழம அந்த பெஞ்சுல போயி என்னத்தச் சொல்லன்னு ஒரு நெனப்பு வரும். அது போதும். மாடசாமிக்கும் அப்படித்தான். ராயகிரில இருந்து அவரு சங்கரன்கோவில் வந்து எறங்குததுக்குள்ள நான் திருநெல்வேலி பஸ்ல ஏறி, ஜன்னலோர சீட்டுல எனக்கு ஒரு இடம், அதுக்குப் பக்கத்துல அவருக்காக என் துண்டப் போட்டு வச்சிருப்பேன். அந்தத் துண்டுக்காக எத்தன பேருகிட்ட சண்ட போட்டிருக்கேன். "ஆளு வருது, ஆளு வருது"ன்னு. வயித்துல தண்ணி வத்துச்சு, கண்ணு வெளுத்துச்சு. டாக்டரம்மா வயித்தத் தட்டிப் பாத்துட்டு மொத தடவையா சிரிச்சா.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் ஒரு நாளு கடைக்கு ஒரு மனுசன் வந்தாரு. ஒல்லியா, கறுப்பா, தோளுல ஒரு துண்டு. பனவடலிசத்திரத்துக்காரரு, பேரு வெள்ளத்துரை.

"நீருதான் அண்டாக்கடையா?"

"ஆமா. என்ன விசேசம்?"

"விசேசம் ஆகுமான்னு கேக்கத்தான் வந்திருக்கேன். எங்க அக்கா மகனுக்கு ராயகிரில பொண்ணு பாத்திருக்கோம். மாடசாமி மக. பொண்ணப் பிடிச்சுப் போச்சு. அப்பனப் பத்தி விசாரிக்கணும்லா. உமக்குப் பழக்கம்னு சொன்னாவ."

"தங்கமான மனுசன். எனக்கு ரொம்ப வேண்டியவரு"ன்னேன்.

சொன்ன அந்த நிமிசமே தப்புன்னு தெரிஞ்சு போச்சு. சங்கரன்கோவில் தாலுகாவுல அண்டாக்கடைக்கு ரொம்ப வேண்டியவன்னா என்ன அர்த்தம்? அவரு முகம் இறுகிப் போச்சு.

"ஞாயித்துக்கிழம தவறாம ரெண்டு பேரும் வெள்ளையும் சொள்ளையுமா திருநெல்வேலி பஸ் ஏறுதீயளாம். ராத்திரிதான் திரும்புதீயளாம். ராயகிரில டீக்கடையில அதான் பேச்சு. டவுன்ல போயி சீமச் சரக்கு அடிக்கீயன்னு. எங்க போறீய?"

எனக்கு மாடசாமி சொன்ன காமாலை ஞாபகம் வந்துச்சு. வெளிய சொல்லக்கூடாதுங்க சட்டம் ஞாபகம் வந்துச்சு. வாய்க்கு வந்தது இதுதான்: "சாமி கும்புடப் போறோம்."

அவரு திரும்பி கோபுரத்த ஒரு தடவ பாத்தாரு.

"இங்க இல்லாத சாமியா?"ன்னு கேட்டுட்டு எறங்கிப் போயிட்டாரு.

அடுத்த ஞாயித்துக்கிழம துண்டு போட்ட எடம் காலியாவே இருந்துச்சு. மறுநாள் மாடசாமி கடைக்கு வந்தாரு. உக்காரல.

"நீரு போயிட்டு வாரும்வே. நான் வரல. ஊரே சிரிக்கி. பேச்சு முறியுத மாதிரி இருக்கு. இவ கல்யாணம் முடியட்டும், முடிஞ்சதும் வாறேன்."

"உள்ளதச் சொல்லிருமே."

"குடிச்சுக் குடிச்சு ஈரலு போயி, இப்பம் நிறுத்தியிருக்கேன்னா? அதுக்கு மாப்பிள வீட்டுக்காரன் நெனச்சுக்கிட்டு இருக்கதே மேல்."

முடிஞ்சதும் வாறேன்னு அவரு சொன்னதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அது எங்கள மாதிரி குடிக்கவங்க பேச்சு. தீவாளி முடியட்டும், கோயில் கொடை முடியட்டும், அறுவடை முடியட்டும்னு இருவது வருசமா சொன்ன பேச்சு. அவரு கை துண்டு நுனியப் பிடிச்சுத் திருகிக்கிட்டே இருந்துச்சு. டாக்டரம்மா வேன்ல ஏத்த நேரம் இருக்காதுன்னு சொன்னது எனக்கு மட்டும் இல்ல.

கோமதிகிட்ட பொலம்புனேன். "என்னத்தச் சொல்லட்டி? சொன்னா அந்த மனுசன் மானம் போகும். சொல்லாட்டி உசுரு போகும். அடுத்தவன் கதையச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் வேற."

அவ அரிசி பொடைச்சுக்கிட்டே, "அவரு கதைய ஏன் சொல்லுதீங்க? உங்க கதையச் சொல்லுங்க. அதுக்கு என்ன மானம், நீங்க குடிச்சதுதான் ஊருக்கே தெரியுமே"ன்னா.

மறுநாளே பனவடலிசத்திரம் போனேன். வெள்ளத்துரை களத்துல மொளகா வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருந்தாரு. என்னப் பாத்ததும், "என்னவே, இங்கயும் சாமி கும்புட வந்தீரா?"ன்னாரு.

"இல்ல. உள்ளதச் சொல்ல வந்தேன்."

வத்தல் காரத்துல தும்மிக்கிட்டே சொன்னேன். ரத்தம் எடுத்தத, வேன்ல கெடந்தத, இல்லாத அண்டாவப் பாத்துக் கத்துனத, உப்பில்லாத கஞ்சிய. பீட்ரூட்ட விட்டுட்டேன். ஞாயித்துக்கிழம நான் எங்க போறேன், எதுக்குப் போறேன்னு சொன்னேன். சிரிப்புக் காட்டாம நான் சொன்னது அதுதான் மொத தடவ. கூட்டத்துல வராதது களத்துல வந்துச்சு. காரத்துக்குக் கண்ணுல தண்ணி வந்தது வசதியாப் போச்சு.

அவரு குத்தவச்சு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "பக்கத்து சீட்டுல?"ன்னாரு.

"அது அவுங்கவுங்க சொல்லணும். நான் என் சீட்டப் பத்தித்தான் சொல்லுதேன்."

ரொம்ப நேரம் வத்தலக் கிண்டிவிட்டாரு. பொறவு சொன்னாரு. "மாப்பிளைக்கு அப்பா, எங்க அத்தான், இப்படித்தான் ரத்தம் எடுத்தாரு. எங்க அக்காவுக்கு அப்ப முப்பது வயசு. அதான் விசாரிக்கேன். நல்லவனா கெட்டவனான்னு விசாரிக்கல." அப்புறம் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "செத்தவங்களத்தான் பாத்திருக்கேன். நிறுத்துன ஆளு ஒருத்தர இப்பதான் பாக்கேன். ஞாயித்துக்கிழம தவறாம போவீரா? மழையானாலும்?"

"மழையானா சீட்டு சுலபமா கெடைக்கும்."

அதுக்கு லேசா சிரிச்சாரு. கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டாரு. சம்பந்தத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல.

அந்த ஞாயித்துக்கிழமயும் துண்டு போட்டேன். ஒரு வயசான பாட்டையாவோட சண்ட. "எங்கவே ஆளு? வருதுன்னு சொல்லிச் சொல்லி பஸ்ஸே கெளம்பப் போகுது"ன்னு அவரு கத்துதாரு. டிரைவர் வண்டிய எடுத்துட்டாரு. அப்ப ஒரு ஆளு படியில ஓடி வந்து ஏறுனாரு. மாடசாமி. மூச்சு வாங்குது.

"நேத்து பிராந்திக்கடை வாசல் வர போயிட்டேன்"னு என் காதுல சொன்னாரு. "உள்ள காலு வைக்கப் போறேன், நீரு துண்டுக்கு எவன்கிட்டயாவது சண்ட போட்டுக்கிட்டு இருப்பீரேன்னு நெனப்பு வந்துச்சு. சவத்த, திரும்பிட்டேன்."

கூட்டத்துல அவரு மகளப் பத்தி முழுசா பேசுனாரு. என்ன பேசுனாருன்னு நான் சொல்லமாட்டேன்.

ஆவணி பொறக்க முன்ன வெள்ளத்துரை மறுபடியும் கடைக்கு வந்தாரு. இந்தத் தடவ கேக்காமலே பெஞ்சுல உக்காந்தாரு.

"பெரிய அண்டா நாலு, குண்டா ஆறு, பந்திப்பாய் வேணும். கல்யாணம் எங்க ஊருலதான்."

எனக்கு வாயெல்லாம் பல்லு. "என்னைக்கு வச்சிருக்கீய?"

"புதன்கிழம. ஞாயித்துக்கிழம நல்ல முகூர்த்தம் ஒண்ணு இருந்துச்சு, எல்லாரும் அதான் சௌரியம்னாவ. நாந்தான் ஆகாதுன்னுட்டேன்." எந்திரிச்சு, துண்ட ஒதறித் தோளுல போட்டாரு. "அன்னைக்கு சம்பந்திக்கு சோலி இருக்கும்லா."